தோட்டத்துப் பாட்டுல இருந்து நம்மளே ஒரு பாட்டு கட்டி தாமானே சேர்ந்து பாட வைக்கிறது எப்படி

மேசைய சுத்தி பத்து பன்னெண்டு பொம்பளைங்க உக்காந்துக்கிட்டு ஈரத் துணிய டப்பு டப்புன்னு அடிக்கிறாங்க, ஒரு அம்மா ஒரு வரி பாடுறாங்க, மத்தவங்க எல்லாரும் அர்த்தமே இல்லாத ஒரு சத்தத்த ஒரே குரலா திருப்பிப் பாடுறாங்க. பழைய வீடியோ, கறுப்பு வெள்ளை. ஸ்காட்லாந்துக்கு மேக்கால இருக்கிற தீவுங்க, பாஷை காலிக், நம்ம ஆளுங்க சில பேரு கேலிக்னு எழுதுவாங்க. எனக்கு ஒரு வார்த்தை புரியல, ஆனா கேட்ட ஒடனே எங்க ரப்பர் தோட்டத்து பஜனை மடம்தான் ஞாபகம் வந்துச்சு, சனிக்கிழமை ராத்திரி தாத்தா ஒரு வரி எடுத்துக் குடுக்க, லயத்து (தொழிலாளிங்க இருந்த வரிசை வீடு) சனம் மொத்தமும் பின்னாலயே வாங்கிப் பாடுமே, அதே மாதிரி.

அன்னிக்கி புடிச்ச பைத்தியம் இன்னும் விடல. இப்ப மலேசியாவுல சுங்கை சிப்புட்ல எங்க தாமான்ல (குடியிருப்புப் பகுதியில) மாசம் ஒரு ராத்திரி யாராவது ஒருத்தர் வீட்ல கூடிப் பாடுறோம், பழைய தோட்டத்துப் பாட்டும் பாடுறோம், நாங்களா கட்டின பாட்டும் பாடுறோம். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு வேற வேற ஊர்ல இருந்து கேக்குறாங்க, அதான் எனக்குத் தெரிஞ்சத எல்லாம் ஒரே எடத்துல எழுதி வைக்கிறேன்.

மொதல்ல அந்தத் துணி அடிக்கிற பாட்ட கொஞ்சம் புரிஞ்சுக்கணும், ஏன்னா மத்ததெல்லாம் அதுல இருந்துதான் வருது. அங்க அந்தக் காலத்துல வீட்ல நெய்ற கம்பளித் துணி தறியில இருந்து வரும்போது லூசா இருக்கும். அத புளிச்ச மூத்திரத்துல ஊறப்போட்டு, பலகை மேல வெச்சு பல பேரு சேர்ந்து அடிச்சாதான் இறுகி, தடிச்சு, கடல் காத்துக்கும் மழைக்கும் தாங்கும். மணிக்கணக்கா அடிக்கணும், எல்லார் கையும் ஒரே தாளத்துல விழணும், அதுக்குத்தான் பாட்டு. பாடுறவங்க ஒருத்தர், பல்லவி எல்லாருக்கும் பொது. பல்லவியில "ஹோ ரோ" "ஹி ரி"ன்னு வெறும் சத்தம்தான் இருக்கும். அந்த வெறும் சத்தம் பாட்டுக்குப் பாட்டு வேற, அத வெச்சுத்தான் இது இன்ன பாட்டுன்னே கண்டுபுடிப்பாங்க, நடுவுல வர்ற வரிங்க ஒரு பாட்டுல இருந்து இன்னொரு பாட்டுக்குத் தாவிக்கிட்டே இருக்கும். நம்ம தன்னானேவும் ஏலேலோவும் அதே வேலைதான் செய்யுது, நாமதான் அத சும்மா இட்டு நிரப்புறதுன்னு நெனச்சுக்கிட்டோம்.

சரி, வேலைக்கு வருவோம். பாட்டு எழுத உக்கார்றதுக்கு முன்னாடி பாட்டு தெரிஞ்ச ஆளத் தேடுங்க. எடின்பரோவுல 1951ல ஸ்கூல் ஆஃப் ஸ்காட்டிஷ் ஸ்டடீஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அதோட ஆளுங்க டேப் மெஷின தூக்கிக்கிட்டு தீவு தீவா, வீடு வீடா போய் கெழவன் கெழவி எல்லாரையும் பாட வெச்சுப் பதிஞ்சாங்க. அந்தப் பதிவுல ஆயிரக்கணக்கானது இப்ப டோபர் அன் டுவல்காஸ்ங்கற இணையதளத்துல ஓசியா கேக்கலாம். நமக்கு அந்த அளவுக்கு யாரும் டேப் தூக்கிக்கிட்டு வரல. நம்ம கையிலதான் போன் இருக்கே, நாமதான் போகணும், அதுவும் சீக்கிரம் போகணும். பால்மரம் வெட்டின (ரப்பர் மரத்துப் பட்டைய சீவி பால் எடுத்த) தலைமுறைல எழுவது எம்பது வயசு ஆளுங்கதான் மிச்சம்.

போன ஒடனே "பாட்டி, பாட்டு தெரியுமா"ன்னு கேக்காதீங்க. தெரியாதுன்னுதான் சொல்லுவாங்க, இல்லன்னா சினிமாப் பாட்டு பாடுவாங்க, அவங்களுக்குப் பாட்டுன்னா ரேடியோவுல வர்றதுதான், தான் பாடினது பாட்டுன்னே அவங்க நெனச்சிருக்க மாட்டாங்க. பிள்ளைய தொட்டில்ல போட்டு என்ன சொல்லித் தூங்க வெச்சீங்க, ஆயாக்கொட்டகையில பிள்ளைங்க அழுதா ஆயா என்ன பாடுவாங்க, திருவிழாவுல கும்மி அடிக்கும்போது யாரு எடுத்துக் குடுப்பா, நிரையில (மர வரிசையில) மரம் வெட்டும்போது பக்கத்து நிரைக்கு எப்படிக் கூப்புடுவீங்க, இப்படிக் கேளுங்க. எங்க தாமான்ல ஒரு ஆத்தா ஒண்ணுமே தெரியாதுன்னு மூணு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க, நாலாவது தடவ தண்டல் (வேலைய மேற்பார்வை பாக்குறவர்) எப்படித் திட்டுவாருன்னு கேட்டேன், அவர வெச்சு பொம்பளைங்க கட்டின நக்கல் பாட்டு பதினாலு வரி, மூச்சு விடாம பாடினாங்க.

ஒப்பாரி மட்டும் ஜாக்கிரதை. நல்ல நாள்ல, விளக்கு வெச்ச வீட்டுக்குள்ள ஒப்பாரி பாடக்கூடாதுன்னு நெறைய பேரு நம்புறாங்க, அது அவங்க மரியாதை, வற்புறுத்தாதீங்க. அவங்களா பாடுறேன்னு சொன்னா வெளிய மரத்தடியில, இல்ல கார்ப் பந்தல்ல உக்காந்து பதிங்க. பாடி முடிச்சதும் கெளம்பிடாதீங்க. யாருக்காகப் பாடினாங்களோ அந்த ஆளப் பத்திப் பேச விடுங்க, அழுதா அழ விடுங்க, தே ஓ (பால் ஊத்தாத தேத்தண்ணி) போட்டுக் குடுத்துட்டு வாங்க.

பதியிறதுக்கு பெரிய செலவு வேணாம். போன ஏரோபிளேன் மோட்ல போடுங்க, காத்தாடிய நிறுத்துங்க, டிவிய நிறுத்துங்க. போன மேசை மேல அப்படியே வைக்காம மடிச்ச துண்டு மேல வைங்க, இல்லன்னா தேத்தண்ணி கப்பு வைக்கிற சத்தம் பாட்ட விடப் பெருசா கேக்கும். ஆரம்பத்துலயே தேதி, ஊரு, பாடுறவங்க பேரு, எந்தத் தோட்டம், யாருகிட்ட கத்துக்கிட்டாங்க, எல்லாத்தையும் வாயால சொல்லிப் பதிஞ்சிடுங்க. வேற யாருக்காவது போட்டுக் காட்டலாமான்னும் அப்பவே கேட்டுடுங்க. வீட்டுக்கு வந்த ஒடனே ரெண்டு எடத்துல காப்பி எடுத்துடணும். நான் எடுக்கல. ஒரு பாட்டியோட ஒண்ணரை மணி நேரப் பதிவு போன் கெட்டதுல போயிடுச்சு, அதுக்கப்புறம் அவங்களும் இல்ல. அதுல இருந்த ஒரு தாலாட்டுல முதல் ரெண்டு வரிதான் எனக்கு இப்ப ஞாபகத்துல இருக்கு.

இப்ப பாட்டு கட்டுறது. எனக்கு இதுல வழி காட்டினது மேரி மேக்பெர்சன்னு ஒரு அம்மா. 1821ல ஸ்கை தீவுல பொறந்தவங்க, அங்க மாய்ரி வோர், பெரிய மேரின்னு கூப்புடுவாங்க. புருஷன் செத்த அடுத்த வருஷமே, 1872ல, திருட்டுப் பழி போட்டு ஜெயில்ல வெச்சாங்க, அந்த அவமானத்துல இருந்துதான் அவங்க பாட்டு கட்ட ஆரம்பிச்சாங்க, ஐம்பது வயசுல. அப்புறம் நர்ஸ் வேலை பாத்தாங்க. படிக்கத் தெரியும், எழுதத் தெரியாது, கட்டின பாட்டு மொத்தமும் மனசுல, ஆயிரக்கணக்கான வரி, அவங்க பாடப் பாட ஒருத்தர் எழுதித்தான் 1891ல புஸ்தகமா வந்துச்சு. அந்தக் காலத்துல அங்க நெலச்சொந்தக்காரங்க ஆடு வளக்குறதுக்காக குடியானவங்கள ஊர் ஊரா காலி பண்ணி விட்டுட்டாங்க, அத எதுத்து சனங்க போராடினப்போ கூட்டத்துல அவங்க பாட்டுதான். 1886ல வந்த சட்டம்தான் அந்தக் குடியானவங்கள சும்மா வெளியேத்த முடியாதபடி செஞ்சுச்சு.

இத படிக்கும்போது எனக்கு நம்ம கதைதான் ஓடுச்சு. அம்பதுங்க கடைசியில தோட்டத்த துண்டு போட்டு வித்தப்போ வேலையும் போயி லயத்து வீடும் போயி நின்னது நம்ம சனம், அதுக்காகத்தான் அப்ப மந்திரியா இருந்த நம்ம ஊரு சம்பந்தன் 1960ல தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சு தோட்டத் தொழிலாளிங்க காச சேத்து தோட்டத்தையே வாங்க வெச்சாரு. ஸ்காட்லாந்துல எய்க் தீவு சனங்களும் 1997ல காசு தெரட்டி அவங்க தீவையே வாங்கினாங்க. நம்மள வேலை வாங்கின துரைமார்லயும் ஸ்காட்லாந்துக்காரங்க நெறைய, பத்து காஜா பக்கம் கெல்லி துரை கட்டி முடிக்காம விட்டுட்டுப் போன மாளிகைய எல்லாரும் பாத்திருப்பீங்க. ஆனா அந்தத் தீவுல வீட்ட விட்டுத் தொரத்தப்பட்டவன் துரை இல்ல, அவனும் நம்மள மாதிரிதான். அதனால அவங்க பாட்டு முறைய எடுத்துக்கிறதுல எனக்கு ஒரு தயக்கமும் இல்ல.

மாய்ரி வோர்கிட்ட கத்துக்கிட்டது இதுதான், ஊர்ப் பேரு, ஆளு பேரு, பொருள் பேரு, எல்லாத்தையும் பாட்டுக்குள்ள வைக்கணும். நான் மொத மொத எழுதின பாட்டுல "வேர்வை சிந்திய எம் இனமே"ன்னு இருந்துச்சு. பாடிக் காட்டினேன், எல்லாரும் கை தட்டினாங்க, ஒருத்தரும் திருப்பிப் பாடல. இந்த வரிய எந்த நாட்டுல, எந்த மேடையில வேணும்னாலும் பாடலாம், அதுதான் கோளாறு. அப்புறம் ஆறாம் நம்பர் காடு, காண்டா வாளி, மங்கு (மரத்துல பால் புடிக்கிற கிண்ணம்), ஒட்டுப்பால், பெரட்டு (காலையில பேரு கூப்புடுறது), ஸ்டோர், இந்த வார்த்தைங்க உள்ள வந்துச்சு, அப்பத்தான் பாட்டிங்க நிமிந்து உக்காந்தாங்க.

பல்லவிய மொதல்ல கட்டுங்க. ரெண்டு வரிக்கு மேல வேணாம், பாதி வெறும் சத்தமா இருக்கட்டும், ஒரு தடவ கேட்டா அடுத்த தடவ வாய் தானா சொல்லணும். எங்களோடது இதுதான்:

ஏலே ஏலேலோ வாளி தூக்கி வா
ஏலே ஏலேலோ வழி பாத்து வா

ஏலேலோ எல்லாரும், வாளி தூக்கி வா பொம்பளைங்க மட்டும், வழி பாத்து வா ஆம்பளைங்கன்னு பிரிச்சு விட்டோம், அது தன்னால அமைஞ்சது.

அடுத்து சரணம். ஒவ்வொண்ணும் ரெண்டே வரி, ஒரு சரணத்துல ஒரே ஒரு காட்சி. மோனை நம்ம காதுக்குள்ளயே இருக்கு, அத வெரட்டிப் புடிக்க வேணாம், வரிய வாய்விட்டு பத்து தடவ சொன்னா எங்க இடிக்குதுன்னு நாக்கே சொல்லிடும்.

நாலு மணி மணியடிக்க நட்சத்திரம் மங்கலியே
பாலு வாளி காண்டாவுல பாட்டி நீயும் போனதெங்கே

ஆறாம் நம்பர் காட்டுக்குள்ள ஆத்தா வெச்ச காலடிய
செம்பனைக்குக் குழி வெட்டிச் செம்மண்ணால மூடிட்டாங்க

இதுக்கு மேல விளக்கம் எழுதாதீங்க. ரப்பர் தோட்டம் செம்பனையா (எண்ணெய்ப் பனையா) மாறினதுல எத்தன குடும்பம் வெளிய போச்சுன்னு பாட்டுல கணக்கு சொல்ல வேண்டியதில்ல, காலடி மூடிப் போச்சுன்னா கேக்குறவங்களுக்குத் தெரியும். சரணம் நாலு போதும், அஞ்சாவத வேணும்னே எழுதாம விடுங்க, ஏன்னு அப்புறம் சொல்றேன்.

மெட்டுக்கு பயப்படாதீங்க. காலிக் பாட்டு நெறைய அஞ்சு சுரத்துலயே ஓடும், நம்ம மோகனம் மாதிரி, ச ரி க ப த. தாலாட்டோ கும்மியோ நீங்க பதிஞ்சதுல இருந்து ஒரு மெட்ட எடுத்துக்கிட்டு அத மெதுவாவோ வேகமாவோ பாடிப் பாருங்க, பாதியில வேற மெட்டா மாறும், மாற விடுங்க. யாரோட மெட்டுன்னு மட்டும் ஒவ்வொரு தடவையும் பாடுறதுக்கு முன்னாடி சொல்லணும். கிடார் வாசிக்கிற தம்பிங்க ஒடனே நாலு கார்டு போட்டு மாத்தி மாத்தி அடிப்பாங்க, அது வேணாம்னு அன்பா சொல்லுங்க. அந்தத் தீவுப் பாட்டுங்க எல்லாம் பழைய வழக்கத்துல வாத்தியமே இல்லாம பாடினதுதான். சுருதிக்கு ச ப மட்டும் புடிச்சா போதும், பஜனைக்கு வெச்சிருக்கிற ஹார்மோனியம் இருந்தா இன்னும் நல்லது. உறுமி நம்ம சொத்துதான், ஆனா வீட்டுக்குள்ள உறுமி வந்தா பாட்டியோட குரல் கேக்காது, அத கோயில் திருவிழாவுக்கு வெச்சுக்குங்க.

கூட்டம் கூட்டுறதுலதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. பாலாய் ராயாவ (ஊர்ப் பொது மண்டபத்த) புக் பண்ணி, பேனர் அடிச்சு, மைக்கு வெச்சு, சிறப்பு விருந்தினர் பேசி முடிக்கும்போது ராத்திரி பத்து மணி, பாட்டிக்குத் தூக்கம் வந்துடும். அங்க அந்தக் காலத்துல குளிரு காலம் வந்தா ஊர்ல யாராவது ஒருத்தர் வீட்ல அக்கம் பக்கத்து சனம் கூடும், கத சொல்லுவாங்க, பாடுவாங்க, அதுக்குப் பேரு கெய்லி. அந்த வார்த்தைக்கு அர்த்தமே ஒருத்தர் வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வர்றதுதான். அதனால வீடுதான். எட்டு பேரு வந்தா போதும். சனிக்கிழமை சாயங்காலம் விளக்கு வெச்சப்புறம் ஆரம்பிச்சு ஒம்பது மணிக்குள்ள முடிச்சிடுங்க.

கையில வேலை இருக்கணும், இத நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன். சும்மா வட்டமா உக்காந்து பாடச் சொன்னா எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு கூச்சப்படுவாங்க. தீபாவளிக்கு முன்னாடின்னா முறுக்கு மாவு பிசையலாம், கோயில் திருவிழான்னா தோரணம் கட்டலாம், மாலை தொடுக்கலாம், ஒண்ணுமே இல்லாத மாசத்துல செம்பனை மட்டைய வாங்கிட்டு வந்து ஈக்குச்சி சீவி தொடப்பம் கட்டுவோம், அந்தக் கத்தி சீவுற சத்தமே தாளமா மாறிடும். ஒரு தடவ பிள்ளைங்களுக்காக பழைய கம்பளிப் போர்வைய வெறும் பச்சத் தண்ணியில நனைச்சு, பெரிய மேசையில போட்டு, அந்த ஊரு மாதிரியே சுத்தி உக்காந்து அடிச்சோம். துணிய சூரியன் சுத்துற பக்கமாத்தான் கை மாத்தணும்னு அங்க ஒரு நம்பிக்கை, நம்ம கோயில்ல வலம் வர்ற மாதிரி, அதையும் பிள்ளைங்க விடாம கடைப்பிடிச்சாங்க. ஒரே ராத்திரியில ஒரு பாட்ட ரெண்டாவது தடவ பாடினா ஆகாதுன்னும் அங்க சொல்லுவாங்க. அத நாங்க எங்க கூட்டத்துக்கு சட்டமாவே வெச்சுட்டோம், அதனாலயே அடுத்த மாசம் திரும்ப வர்றாங்க.

பிள்ளைங்களப் பத்தி கொஞ்சம் சொல்லியாகணும். எங்க தாமான்ல பாதிப் பிள்ளைங்க தமிழ்ப் பள்ளிக்குப் போறதில்ல, தமிழ் பேசும் ஆனா படிக்கத் தெரியாது. நான் மொத கூட்டத்துல பாட்ட அழகா டைப் பண்ணி பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன், அந்தப் பிள்ளைங்க பேப்பர தலைகீழா புடிச்சுக்கிட்டு தலை குனிஞ்சு உக்காந்திருந்தாங்க, எனக்கு மனசு ஒடைஞ்சு போச்சு. அன்னிக்கே பேப்பர நிறுத்திட்டேன். ஏலேலோவுக்கு எழுத்து தெரிய வேண்டியதில்ல. பல்லவிய பிள்ளைங்க கிட்ட குடுத்துடுங்க, பாட்டி சரணம் எடுக்கட்டும், ரெண்டு மாசத்துல சரணமும் அதுங்க வாய்ல வந்துடும், அப்புறம் அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்னன்னு அதுங்களே கேக்கும். மங்குன்னா என்னா, பெரட்டுன்னா என்னான்னு கேட்ட ஒரு பொண்ணு இப்ப தமிழ் எழுதப் படிக்கக் கத்துக்குது. பாரா தீவுலயும் பிள்ளைங்க ஊர்ப் பாட்டு கத்துக்காமலே வளருதுன்னு கவலைப்பட்டுத்தான் 1981ல ஊர்க்காரங்களே சேர்ந்து ஃபேஷ்னு ஒரு பாட்டுப் பள்ளி மாதிரி நடத்தினாங்க, இன்னிக்கி ஸ்காட்லாந்து முழுக்க அந்த மாதிரி நாப்பதுக்கு மேல நடக்குது. அந்தத் தீவுல இருந்து வந்த ஃப்ளோரா மெக்நீல்னு ஒரு பெரிய பாடகி, எடின்பரோவுல டெலிபோன் எக்ஸ்சேஞ்சில வேலை பாத்தவங்க, அவங்க பாட்டெல்லாம் சின்ன வயசுல வீட்டுப் பொம்பளைங்ககிட்ட கேட்டே கத்துக்கிட்டதுதான்.

இப்ப அந்த எழுதாம விட்ட அஞ்சாவது சரணம். துணி அடிச்சு முடிக்கிற நேரத்துல அங்க கை தட்டுற பாட்டு ஒண்ணு வரும், அதுல இருக்கிற பொண்ணுங்க பேரையும் ஊர்ப் பசங்க பேரையும் சேத்து வெச்சுக் கட்டி விடுவாங்க, அப்பப்ப வாய்க்கு வர்றதுதான். அதே மாதிரி அஞ்சாவது சரணத்த அன்னிக்கி கூடியிருக்கிறவங்க கட்டணும். வீட்டுக்காரம்மா பேரு, அன்னிக்கி செஞ்ச பலகாரம், வராம போனவங்க, எது வேணும்னாலும். மொத ரெண்டு மாசம் யாரும் வாயே தொறக்க மாட்டாங்க, நீங்க ஒரு வரி போட்டுட்டு அடுத்த வரிக்குக் காத்திருங்க, அமைதியா இருந்தா இருக்கட்டும், ஏலேலோவ இன்னொரு சுத்து சுத்துங்க. எங்க கூட்டத்துல மொத மொத வாயத் தொறந்தது ஒரு லாரி ஓட்டுற அண்ணன், அதுவரைக்கும் பொண்டாட்டிய கொண்டு வந்து விட்டுட்டு வாசல்லயே நிப்பாரு.

பாட்ட யாராவது திருத்தினா அங்கேயே ஒத்துக்குங்க. நான் "கையில தூக்கும் காண்டா வாளி"ன்னு ஒரு சரணத்துல எழுதியிருந்தேன். அந்த நக்கல் பாட்டு பாடின ஆத்தா பாதியிலயே நிறுத்திட்டாங்க. "ஏண்டி, காண்டாவ கையிலயா தூக்குவாங்க, தோள்ல வெக்கணும், ரெண்டு பக்கமும் வாளி ஆடும், பால் சிந்தாம நடக்கணும்"னு எழுந்து நின்னு, தொடப்பக் கட்டைய தோள்ல வெச்சு, கூடத்துக்குள்ள நடந்தே காட்டினாங்க. அந்த நடைக்கு ஏத்த மாதிரி தாளத்தையே கொஞ்சம் மெதுவாக்கிட்டோம், வரியும் "தோளு ஆடத் தொங்கும் வாளி"ன்னு மாறிடுச்சு. நோட்டுல பழைய வரிய அழிக்கல, பக்கத்துலயே புது வரிய எழுதி, திருத்தினது யாரு, என்ன தேதின்னு குறிச்சு வெச்சிருக்கேன். நீங்களும் ஒரு நோட்டு போட்டுக்குங்க, நல்ல தடிமனா வாங்குங்க, எங்களுக்கு இப்ப ரெண்டாவது நோட்டு ஓடுது. பதிவ எல்லாம் ஒரு பென்டிரைவ்ல போட்டு பாடினவங்க வீட்லயும் ஒரு காப்பி குடுத்துடுங்க, அவங்க பேரப்பிள்ளைங்க கேக்கட்டும்.